அரை மாத்திரைப் பொறாமை

ஒருவன் இன்னொருவன்மேல் பொறாமைப்பட்டால் அதில் ஏதோ ஒரு நியாயம் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய வண்டியைப் பார்த்து வயிறெரிந்தாலும் உலகம் புரிந்துகொள்ளும். ஆனால் சட்டைப் பொத்தானில் பாதிகூட இல்லாத ஒரு வெள்ளை மாத்திரையைப் பார்த்து ஒருவனுக்குக் காதில் புகை வந்தது என்றால், அதை அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? ரேடியோவுக்கு வந்தது. எல்லா விஷயத்தையும் எல்லாரிடமும் கொட்டித் தீர்க்கிற ரேடியோ, இதை மட்டும் வெகுநாள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அவனுடைய முடிதிருத்தும் கடைக்கு வருகிறவர்கள் வைத்தது. கத்தரிக்கோல் நின்றாலும் நிற்கும், அவன் வாய் நிற்காது. கழுத்தைச் சுற்றித் துணியைப் போர்த்தும்போது ஒரு கதையை ஆரம்பித்தான் என்றால், பிடரியில் பவுடர் தட்டித் துணியை உதறும்போதுதான் முடிப்பான். எல்லாம் சிரிப்புக் கதைகள். அதிலும் குடையை மறந்தவர் கதைதான் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அந்தக் கதையைக் கேட்பதற்காகவே, முடி வளரும் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் உண்டாம். அவனே சொல்லிக்கொண்டது; கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

ஊரைச் சிரிக்க வைத்தவனுக்கு வீட்டில்தான் பலிக்கவில்லை. அவன் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வில்லைகளை ஃபிரேம் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. இரண்டு வருஷமாக அவள் அவளாக இல்லை. வேலைக்குப் போவாள், வருவாள், தோளில் தொங்கும் பையைக்கூட இறக்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவாள். சாப்பிட்டாயா என்றால் "ம்" என்பாள்; சாப்பிட்டிருக்க மாட்டாள். என்ன கவலை என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அழக்கூட மாட்டாள். அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

ரேடியோ கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. சமைத்தான், துவைத்தான், அவளுக்குத் தலை வாரிவிட்டான். சாயங்காலமானால் எதிரே உட்கார்ந்து கச்சேரியை ஆரம்பிப்பான். நாற்காலியில் தூங்கி வழிகிற வாத்தியார், கண்ணாடியில் தன்னைத் தானே ரசிக்கிற போலீஸ்காரர் என்று கடைக்கு வருகிறவர்களை எல்லாம் நடித்துக் காட்டுவான். ஒருநாள் அவளுடைய நைட்டியை மாட்டிக்கொண்டு ஆடியே காட்டினான். "தையல் விட்டுடப் போவுதுங்க, கழட்டுங்க" என்றாள். அத்தனை ஆட்டத்துக்கும் கிடைத்தது அவ்வளவுதான்.

அப்புறம் ஒருநாள் அவள் வலது கண் வில்லையை இடது பக்கம் பொருத்தி அனுப்பிவிட்டாள். வாங்கிப் போட்ட மனிதர் கடைப் படியிலேயே தடுமாறி விழப் பார்த்தாராம். அன்று வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்:

"நான் ஒரு டாக்டரப் பாக்கணுங்க. மனசுக்குப் பாக்குற டாக்டர."

"அதான் நான் இருக்கேனே கண்ணு?"

"நீங்க இருக்கீங்க. என்னாலதான் முடியல."

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ரேடியோவுக்கு அது சுருக்கென்று தைத்தது. பொறாமைக்கு விதை விழுந்தது அங்கேதான்.

டாக்டரம்மா நிதானமான மனுஷி. வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாளா, தலைவலிக்கு, தூக்கத்துக்கு, யாராவது கொடுத்த கஷாயம், சூரணம் என்று ஒன்றுவிடாமல் விசாரித்துவிட்டுத்தான் எழுதினார்.

"மொத வாரம் பாதி மாத்திர. காலையில சாப்பிட்ட பிறகு. அப்புறம் முழுசு. ஆரம்பத்துல வயிறு பொரட்டும், தூக்கம் கெடும், படபடப்பு வரலாம். பெரும்பாலும் தானா அடங்கிடும். பலன் தெரிய சில வாரம் ஆகும்மா. இன்னிக்கு முழுங்கினேன், நாளைக்கு ஒண்ணும் ஆகலையேன்னு விட்டுடக் கூடாது. ரெண்டு வாரத்துல வந்து என்னைப் பாருங்க." பிறகு ரேடியோவின் பக்கம் திரும்பினார். "கூட இருந்து கவனிக்க வேண்டியது நீங்கதான். தவிப்பு ரொம்ப அதிகமானாலோ, உயிர் எதுக்குங்கற மாதிரி பேசினாலோ, எந்த நேரமா இருந்தாலும் உடனே கூட்டிட்டு வரணும். இன்னொண்ணு, நல்லாயிட்ட பிறகும் இதப் பல மாசம் சாப்பிடணும். நீங்களா நிறுத்தக் கூடாது. நேரம் வரும்போது நானே கொஞ்சம் கொஞ்சமாக் கொறைப்பேன்."

"எப்ப டாக்டர் சிரிப்பா?" என்று கேட்டான் ரேடியோ.

"இது சிரிக்க வைக்கிற மாத்திர இல்லீங்க. சிரிப்பு வந்தாச் சிரிக்க முடியற எடத்துல அவங்களக் கொண்டுவந்து விடும். அவ்வளவுதான்."

இந்தச் சின்ன விஷயத்துக்கா இத்தனை படிப்பு என்று நினைத்துக்கொண்டான்.

பாதி மாத்திரையைத் தினமும் அவனேதான் வெட்டினான், புதுச் சவர பிளேடால், பொடி சிந்தாமல். முதல் வாரம் அவளுக்குக் குமட்டல். சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினாள். படுத்தால் தூக்கம் வரவில்லை. ரேடியோ அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தான், கஞ்சி வைத்துக் கொடுத்தான். தாங்கிப் பிடித்த அந்தக் கைக்குள்ளேயே ஓர் அற்ப சந்தோஷமும் இருந்தது. பார்த்தாயா, பெரிசாகச் சொன்னார்களே, என்ன கிழித்தது இந்த மாத்திரை என்று. அவன் கெட்டவனில்லை. அவள் தேற வேண்டும் என்று அவன் வேண்டாத நாளில்லை. ஆனால் அவள் தன்னால் தேற வேண்டும். ஆசை அவ்வளவுதான். அந்த ஆசைக்குள் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்று அவனுக்கு அப்போது தெரியவில்லை.

குமட்டல் அடங்கியது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, சரியாகத்தான் போகிறது, தொடருங்கள் என்றார். ஒன்றும் நடக்காத சில வாரங்கள் போயின. அப்புறம் ஒருநாள் வேலைவிட்டு வந்தவள் பையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். இன்னொரு நாள், கேட்காமலே இரண்டாவது கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். ஒரு காலையில் அவனை மேலும் கீழும் பார்த்து, "ஊருக்கெல்லாம் முடி வெட்டுறீங்க, உங்க கிருதா ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கிக் கெடக்குது" என்றாள். அவனுக்கு உச்சி குளிர்ந்தது. கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், தன் கிருதாவைத் தன் மனைவி நக்கலடித்ததை விருதுபோலக் காட்டினான்.

அன்று சாயங்காலம் அவள் தன் அக்காவோடு ஃபோனில் பேசுவது காதில் விழுந்தது. "ஆமாக்கா, இப்பப் பரவால்ல. மாத்திர நல்லா வேல செய்யுது."

மாத்திரை நல்லா வேலை செய்யுதாம்! அப்படியென்றால் சமைத்தது யார்? துவைத்தது யார்? நைட்டி போட்டு ஆடியது யார்? ரேடியோ சமையலறைக்குப் போய், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்த மாத்திரை அட்டையை முறைத்தான். இதற்கு வாய் உண்டா? ஒரு கதை தெரியுமா? முழுங்கினால் வயிற்றுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது; பேர் மட்டும் இதற்கு. அட்டையை எடுத்து ஜாடிக்குப் பின்னால் தள்ளி வைத்தான். மறுநாள் அவள் எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். அவன் மறுபடி தள்ளினான்.

இதுகூடப் போயிருக்கும். மாடி வீட்டுக்காரர் வந்துதான் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினார். அவர் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். நல்ல மனுஷர், ஆனால் சொல்ல வந்த விஷயத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர். ஏணி கேட்டு வந்தவர் வாசலில் நின்றபடியே, "அம்மா, ஒரு கதை கேட்டீங்களா?" என்று ஆரம்பித்தார். குடைக் கதை. ரேடியோவின் குடைக் கதை. ரேடியோவின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு போன கதை.

அந்தக் கதை இப்படிப் போகவேண்டும்: பஸ்ஸில் குடையை மறந்து இறங்கியவர், பின்னாலேயே ஓடி, அடுத்த நிறுத்தத்தில் ஏறிக் குடையை எடுக்கிறார். எடுத்த சந்தோஷத்தில் கையிலிருந்த பையை வைத்துவிட்டு இறங்குகிறார். பைக்காக ஓடி ஏறினால் செருப்பு போகிறது. இப்படியே டிப்போ வரைக்கும் ஓடி வந்து மூச்சு வாங்குகிறவரைக் கண்டக்டர், "எங்கய்யா போகணும் உமக்கு?" என்று கேட்டால், "டிப்போவுக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், வந்து சேர்ந்துட்டேன்" என்பார்.

மாடிக்காரர் எடுத்த எடுப்பிலேயே, "டிப்போவுக்கு டிக்கெட் எடுத்த ஒருத்தர்" என்று போட்டு உடைத்தார். "ஐயோ, அது கடைசில வரணும். அத மறந்துடுங்கம்மா. குடைய மறந்துட்டு எறங்கினாரா, இல்ல, பையவா... குடைய நீங்க மறந்துடாதீங்க, டிப்போவ மட்டும் மறந்துடுங்க."

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பொத்தியது போதாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இரண்டு வருஷத்தில் முதல் சிரிப்பு.

ரேடியோ ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வினாடி அப்படித்தான் தோன்றியது. அடுத்த வினாடி பொறாமை பற்றிக்கொண்டது. கதை அவனுடையது, பெண்டாட்டி அவனுடையவள், இரண்டு வருஷம் காத்திருந்தது அவன். சிரிப்பு மட்டும் ஏணி வாங்க வந்தவனுக்கு! ஏணியை எடுத்துக் கொடுத்தபோது அதை அந்த மனிதரின் காலில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தான். மாடிக்காரர் சந்தோஷமாகப் படியேறிப் போனார். தான் எதைக் கொள்ளையடித்துக்கொண்டு போகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அன்றைய சாப்பாட்டின்போது ரேடியோ ஆரம்பித்தான்.

"கண்ணு, இப்பத்தான் நல்லாயிட்டியே. இன்னும் எதுக்கு அந்த மாத்திர?"

"டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னாங்களே."

"அவங்க எல்லாருக்கும் பொதுவாச் சொல்றது அது. உனக்கு நான் இருக்கேன். எத்தன நாளைக்கு ஒரு மாத்திரைய நம்பிக்கிட்டுக் கெடப்ப? என்னை நம்ப மாட்டியா?"

அவள் தட்டைப் பார்த்தபடியே இருந்தாள். இந்த மனுஷன் இரண்டு வருஷம் தனக்குச் சோறாக்கிப் போட்டான் என்பது அவளுக்கு எப்போதும் தொண்டையில் முள்ளாக இருந்தது. அவன் கேட்டு, அவளால் கொடுக்க முடிந்த ஒன்று இது. "சரிங்க" என்றாள். மறுநாள் காலையிலிருந்து மாத்திரை இல்லை. ரேடியோ அட்டையை அலமாரியின் மேல்தட்டில், பழைய செய்தித்தாளுக்கு அடியில் வைத்தான். எதிராளியை ஊரைவிட்டே துரத்திய நிம்மதி அவனுக்கு.

அப்புறம் வந்தது பாருங்கள், அவனுக்கு ஒரு பொற்காலம்! சாயங்காலக் கச்சேரிக்கு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வாத்தியாருக்குச் சிரித்தாள், போலீஸ்காரருக்குச் சிரித்தாள். குடைக் கதையை மூன்று முறை சொன்னான், மூன்று முறையும் சிரித்தாள். ரேடியோ கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். "என்ன மருந்து, என்ன மாத்திர? மனுசன் பேச்சுதான் மருந்து" என்று நுரை தடவிய முகங்களுக்கெல்லாம் உபதேசம் செய்தான். கழுத்தில் கத்தி இருக்கும்போது எவன் மறுத்துப் பேசுவான்?

வார விடுமுறை நாளில் கடையைச் சாத்திவிட்டு அவளை நாற்காலியில் உட்கார வைத்தான். பிடரி முடியைச் சீராக்கிவிடும்படி அவள்தான் கேட்டிருந்தாள். துணியைப் போர்த்தி, தண்ணீர் தெளித்து, கத்தரிக்கோலை எடுத்தான். வாயும் தானாகத் திறந்துகொண்டது. அவளுக்குப் பிடிக்குமே என்று குடைக் கதைதான்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கதி உண்டு. நாற்காலியில் இருப்பவனுக்கு நிஜமான சிரிப்பு வரப்போகிறது என்றால், அது வாய்க்கு வரும் முன்பே தோளில் தெரிந்துவிடும். துணி லேசாக அசையும். அந்த அசைவில் வெட்டுகிறவன் கை தானாகவே மேலே எழும்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் காது போய்விடும். ரேடியோவின் கைக்கு இது யோசிக்காமலே வரும். மரியாதைக்குச் சிரிப்பவன் வாயால் மட்டும் சிரிப்பான், கழுத்து அசையாது. அப்போது கை பாட்டுக்கு வெட்டிக்கொண்டே போகும். இதை ரேடியோ உட்கார்ந்து யோசித்ததில்லை. கைக்குத் தெரியும், அவ்வளவுதான்.

கதை டிப்போவுக்கு வந்தது. அவள் கலகலவென்று சிரித்தாள். கத்தரிக்கோல் நிற்காமல் வெட்டிக்கொண்டே போனது.

கை எழும்பவில்லை.

ரேடியோ அப்போதுதான் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தான். அவள் வாய் திறந்திருந்தது, பல் தெரிந்தது, கண் எங்கேயோ இருந்தது. துணிக்கு அடியில் இரண்டு கைகளும் நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தன. சீக்கிரம் முடித்தால் போதும் என்று காத்திருக்கிறவர்களின் முகம் அது. எத்தனையோ முகங்களில் பார்த்து, பார்க்காததுபோல் விட்ட முகம்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "கண்ணு, என்ன பண்ணுது உனக்கு?"

"ஒண்ணுமில்லீங்க."

"என்னைப் பாத்துச் சொல்லு."

அவள் கண்ணைத் திருப்பினாள். திருப்பிய உடனே முகம் சுருங்கியது. "கண்ணத் திருப்பினா தலைக்குள்ள சுரீர்னு ஷாக் அடிக்கிற மாதிரி இருக்குதுங்க. தலை சுத்துது. நேத்துக் கடையில ஒரு வில்லயக் கீழ போட்டுட்டேன். பாத்ரூமுல போய் அழுதேன், எதுக்குன்னே தெரியல. பழையபடி ஆயிடுவேனோன்னு பயமா இருக்குது."

"எப்பலேர்ந்து?"

"நிறுத்தின ரெண்டு மூணு நாள்லேர்ந்து."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

ரேடியோ கடைச் சாவியை எடுத்தான். பாதி வெட்டிய முடியோடு, துணியை மட்டும் அவிழ்த்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனான்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா என்றும் சுற்றி வளைக்காமல் கேட்டார். இல்லை என்று அவள் தலையசைத்த பிறகுதான் அவர் பேனாவை எடுத்தார். "திடீர்னு நிறுத்தினா இப்படித்தாம்மா ஆகும். இந்த ஷாக், தலசுத்தல் எல்லாம் அடங்கிடும், பயப்படாதீங்க. ஆனா பழைய நோவு திரும்பி வர்றதுக்கு இது வழி விட்டுடும். யார் நிறுத்தச் சொன்னது?"

"நானாத்தான் டாக்டர்" என்றாள் அவள், சட்டென்று. சிரித்துக்கொண்டே சொன்னாள். கண்ணாடியில் பார்த்த அதே சிரிப்பு.

விட்டிருந்தால் அதோடு போயிருக்கும். ரேடியோவின் மானமும் தப்பியிருக்கும். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"இல்ல டாக்டர். நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

"ஏன்?"

"பொறாம."

"யார் மேல?"

"மாத்திர மேல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவள்தான் திரும்பிப் பார்த்தாள். தலைக்குள் சுரீரென்று அடித்திருக்க வேண்டும், ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

"நெறைய வீட்டுல இது நடக்குது" என்றார் டாக்டரம்மா. "யாரும் வாயால ஒத்துக்கறதில்ல. சரி, மறுபடி பாதியிலேர்ந்து ஆரம்பிக்கலாம். மறுபடி காத்திருக்கணும். அடுத்த வாரமே வந்து என்னைப் பாருங்க. நடுவுல எது மோசமானாலும் அன்னிக்கே வரணும்."

பஸ் நிறுத்தத்தில் இருவரும் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் பிடரியில் ஒரு பக்கம் மேலும் ஒரு பக்கம் கீழுமாக முடி நின்றது.

"கோவமா கண்ணு?"

"ஆமாங்க."

அவள் அப்படி நேருக்கு நேர் ஆமாம் என்று சொல்லி எத்தனையோ காலமாயிற்று. ரேடியோ பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தான். நிலைமையைச் சமாளிக்க அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். "ஒருத்தர் பல் டாக்டர்கிட்டப் போனாராம்" என்று ஆரம்பித்துவிட்டான்.

"வேணாங்க" என்றாள். "உங்களுக்காகச் சிரிச்சுச் சிரிச்சுத் தாடை வலிக்குது. தெனம் சாயங்காலம் ஒரு கதையச் சொல்லுவீங்க, சொல்லிட்டு என் மூஞ்சியவே பாப்பீங்க. தேறிட்டாளா, தேறிட்டாளான்னு. ரெண்டு வருஷமா தெனம் பரீட்ச எழுதுற மாதிரி எனக்கு. தெனம் ஃபெயில்." பிடரியில் ஒட்டியிருந்த முடித் துணுக்குகளைத் தட்டிவிட்டாள். "அந்த மாத்திர உள்ள போச்சுன்னா அது பாட்டுக்கு அதோட வேலயப் பாக்கும். என்னை ஒண்ணும் கேக்காது. அதான் எனக்கு அதப் புடிச்சுது."

அந்த நிமிஷம் ரேடியோவுக்கு வந்த பொறாமை, இதுவரை வந்ததையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. சமைத்தது, துவைத்தது, நெற்றியைப் பிடித்தது, எல்லாம் வரிசை கட்டிக்கொண்டு நாக்குக்கு வந்தன. அப்ப நான் யாரு உனக்கு என்ற கேள்வி உதட்டையே தொட்டுவிட்டது. கேட்டால் அவள் மறுபடி சிரித்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரிந்தது. விழுங்கினான். எந்த மாத்திரையும் அவ்வளவு கசந்திருக்காது.

அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. எதிரே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு பஸ் வந்து கூட்டமாகப் போனது, விட்டுவிட்டார்கள். வெகுநேரம் கழித்து அவள் தலை அவன் தோளில் சாய்ந்தது. தூங்குகிறாளா, அழுகிறாளா, கோபம் போய்விட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருந்தான்.